ரோமனோனெஸ் பிரபு: ஓட்டுச் சட்டியில் வேகாத 41 நகரங்கள்

வணக்கம் மக்களே. இன்னைக்குப் பேசப்போறது ஸ்பெயின்ல மூணு தடவை பிரதமரா இருந்த ரோமனோனெஸ் பிரபு பத்தி. சொந்தப் பேரு அல்வாரோ தெ ஃபிகெரோவா. 1863-ல மத்ரித்ல பிறந்தவரு. சின்ன வயசுல வண்டி விபத்துல கால் அடிபட்டு, கடைசி வரைக்கும் தாங்கித் தாங்கித்தான் நடந்தாரு.

பிரபுன்னதும் பழைய ராஜ பரம்பரைன்னு நினைச்சிடாதீங்க. அப்பா இக்னாசியோ ஈயத்துல சம்பாதிச்சவரு, சுரங்க முதலாளி. குடும்பத்தோட வியாமெஹோர்ங்கிற பிரபுப் பட்டம் அம்மா அனா தெ தோரெஸ் வழியா வந்தது. ரோமனோனெஸ்ங்கிறது குவாதலஹாரா மாகாணத்துல ஒரு சின்ன கிராமம். அந்தப் பேர்ல இவருக்குப் பட்டம் கிடைச்சது 1893-ல. மாமனார் அலோன்சோ மார்த்தினெஸ், 1889 சிவில் சட்டத்தை உருவாக்கினவங்கள்ல முக்கியமானவரு, லிபரல் கட்சியில பெரிய கை. பணம், பட்டம், கட்சி மூணுமே குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. மத்ரித்ல காஸ்தெயானா சாலையில அம்மா கட்டின மாளிகை பிறகு கைமாறி, 1914-ல அரசாங்கத்துகிட்ட போய் பிரதமர் அலுவலகமாச்சு. 1915 கடைசியில இவர் ரெண்டாவது முறை பிரதமரானப்போ, போய் உக்காந்த ஆபீஸ் அம்மா கட்டின அதே வீடு!

சரி, இவ்வளவு காலம் எப்படி ஜெயிச்சாரு? இதைக் கொஞ்சம் நிதானமாப் பார்க்கணும். தேர்தல் முடிஞ்சா ஆட்சி வரும்னுதான் நமக்குப் பழக்கம். அங்க தலைகீழ். முதல்ல ராஜா பிரதமரை மாத்துவாரு. புதுப் பிரதமர் சபையைக் கலைப்பாரு. உடனே உள்துறை அமைச்சர் ஒரு அட்டவணையை எடுத்து, எந்தத் தொகுதி யாருக்குன்னு கட்டம் கட்டமா பேரை நிரப்புவாரு. எதிர்க்கட்சிக்கும் சில கட்டம் ஒதுக்குவாங்க. அந்தப் பட்டியல் மாகாண கவர்னருக்குப் போகும், அங்கேயிருந்து மேயர்களுக்கு, கடைசியா கசீக்கேன்னு சொல்ற உள்ளூர் பெரும்புள்ளிகளுக்கு. பையனுக்குப் பட்டாளத்துல விலக்கு, கோர்ட்டு வழக்கு, ஊருக்கு ரோடு, ஒரு குமாஸ்தா வேலை, எல்லாத்துக்கும் அவர்கிட்டதான் போய் நிக்கணும். அதுக்கு விலை ஓட்டு. அதுவும் பத்தலைன்னா புச்செராசோ. புச்செரோன்னா சமையல் சட்டி. முன்கூட்டியே ஒளிச்சு வெச்ச ஓட்டுச்சீட்டை எண்ணிக்கையில கொட்டுறதுக்கு அந்தப் பேரு. செத்தவங்க பேர்ல விழுற ஓட்டுக்கு, பைபிள்ல செத்து எழுந்த லாசரு ஞாபகமா, லாசரோன்னு பேரு. 1907 சட்டத்தோட 29-வது பிரிவு இன்னும் வசதி பண்ணிக் கொடுத்துச்சு: எத்தனை இடமோ அத்தனை வேட்பாளர்தான்னா ஓட்டுப்பதிவே கிடையாது. எதிராளியை மனு போடாம பார்த்துக்கிட்டா போதும், வேலை முடிஞ்சது.

குவாதலஹாராவை 1888-லேர்ந்து இவர் கையில வெச்சிருந்தது இந்த வழியிலதான். இதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனா அதே மனுஷன் 1901-ல கல்வி அமைச்சரா செஞ்ச ஒரு காரியத்தை நான் மனசாரக் கும்பிடுறேன். அதுக்கு முன்னாடி ஆரம்பப் பள்ளி வாத்தியார் சம்பளம் ஊராட்சி கொடுக்கணும். ஊராட்சி மாசக்கணக்குல பாக்கி வைக்கும். "பள்ளிக்கூட வாத்தியாரை விடப் பசி"ன்னு ஸ்பானிஷ்ல சொலவடையே உண்டு. அந்தச் சம்பளத்தை அரசு பட்ஜெட்டுக்கு மாத்தினது இவரு. 1919-ல பார்சிலோனாவுல கனாதியென்சே மின்சாரக் கம்பெனி வேலைநிறுத்தம் 44 நாள் நடந்துச்சு. அதுக்கப்புறம் ஏப்ரல் 3-ம் தேதி எட்டு மணி நேர வேலை ஆணை வந்ததும் இவர் ஆட்சியிலதான். அது தொழிலாளிங்க போராடி வாங்கினது, அந்தப் பெருமை அவங்களுக்குத்தான் சேரணும்.

குடும்பத்துக்கு வட மொராக்கோவுல ரிஃப் மலைப்பகுதி இரும்புச் சுரங்கத்துலயும் பங்கு இருந்தது. 1909 ஜூலையில, அந்தக் கரையில இருக்கற ஸ்பெயின் நகரம் மெலியா பக்கத்துல, அந்தச் சுரங்க ரயில் பாதை போட்ட தொழிலாளிகளை ரிஃப் பழங்குடிகள் தாக்கினாங்க, போர் மூண்டது. 1,500 பெசேதா கட்டினா பட்டாளத்துக்குப் போக வேண்டாம். கட்ட முடியாத ஏழைங்கதான் போனாங்க. அந்தக் கோபத்துல பார்சிலோனா பத்தி எரிஞ்சது. பதினோரு வருஷம் கழிச்சு, 1920-ல, பிரபுவோட மகன் ஹோசே, பட்டாளத்து லெப்டினன்ட், அதே மொராக்கோவுல செத்தான்.

இனி 1931. அப்போ இவர் வெளியுறவு அமைச்சர். ஏப்ரல் 12 உள்ளாட்சித் தேர்தல்ல கிராமங்கள் பழையபடி மன்னராட்சிக்கு விழுந்துச்சு. ஆனா 50 மாகாணத் தலைநகரங்கள்ல 41 குடியரசுக்காரங்க பக்கம். காரணம் லேசானதுதான்: சின்ன ஊர்ல ஒவ்வொரு வீட்டோட கடனும் கசீக்கேவுக்குத் தெரியும், நகரத்துல பக்கத்து வீட்டுக்காரன் பேரே தெரியாது. அந்தச் சட்டியை வருஷக்கணக்கா கையாண்டவருக்கு இந்தக் கணக்கு உடனே புரிஞ்சுபோச்சு. ராஜா 13-ம் அல்ஃபோன்சோ கிளம்பணும்னு சொன்னாரு. 14-ம் தேதி டாக்டர் மரன்யோன் வீட்டுல எதிர்த்தரப்போட பேச்சு. எதிரே உக்காந்திருந்தது குடியரசுக்காரங்க தலைவர் அல்காலா ஸமோரா, ஒரு காலத்துல இவர்கிட்ட வேலை பார்த்தவரு. "சூரியன் மறையறதுக்குள்ள ராஜா போகணும்"னு அவர் கெடு வெச்சாரு. அன்னைக்கு ராத்திரியே ராஜா கார்த்தஹேனாவுக்குப் போயி கப்பல் ஏறிட்டாரு.

நவம்பர்ல குடியரசு நாடாளுமன்றம் ராஜா மேல குற்றம் சாட்டி விசாரிச்சது. எல்லாரும் எதிரா இருந்த அந்தச் சபையில, ராஜாவுக்கு வக்கீலா எழுந்து நின்னது இந்தக் கால் ஊனமான கிழவர்தான். அப்பவும் அவரு குவாதலஹாரா எம்.பி. 1933-லயும் 1936-லயும் அதே குவாதலஹாராதான்.