கடற்கரைக்குக் கேம் கருவியும் வந்திருக்கிறது

வணக்கம் நண்பர்களே. இந்த இரைச்சல் மைக்கின் கோளாறு இல்லை. பின்னால் இருப்பது கடல். நான் அறையின் பால்கனியில், நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். மணலில் உட்காராததற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

“கடலுக்குப் போயும் கேமா?” என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே வீட்டில் கேட்டுவிட்டார்கள். ஐந்து நாள் விடுமுறை. காலையும் மாலையும் தண்ணீரில்தான் கிடக்கிறேன். உச்சிவெயிலில் நான்கு மணி நேரம் வெளியே தலைகாட்ட முடியாது. அந்த நேரத்தில் ஒருவர் நாவலை விரித்தால் ரசனை, நான் கேமைத் திறந்தால் வியாதியா? எனக்கு இந்தக் கணக்கு புரிவதே இல்லை.

ஆனால் போன தடவை நான் செய்தது சுத்த மடத்தனம். துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, மணலிலேயே விளையாடத் தொடங்கினேன். திரையில் கேம் தெரியவில்லை, என் முகம்தான் தெரிந்தது. வெளிச்சத்தை முழுதாகக் கூட்டியும் பயனில்லை. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் நேர் வெயில் ஒரு லட்சம் வரை போகும். நம் கையில் இருக்கும் சின்னத் திரை அதனோடு எப்படி மல்லுக்கட்டும்? போதாக்குறைக்கு, போலரைஸ்டு குளிர்கண்ணாடி வேறு போட்டிருந்தேன். கருவியை ஒரு பக்கமாகத் திருப்பியதும் திரை கறுத்துப்போனது. செத்துவிட்டது என்று பதறி, கண்ணாடியைக் கழற்றினால் உயிரோடு இருக்கிறது! எல்சிடி திரையின் ஒளி ஒரே திசையில் அதிர்ந்து வரும். கண்ணாடி அந்தத் திசையைத் தடுத்துவிட்டால் இருட்டுதான்.

இந்த இடத்தில் 1989-இல் வந்த கேம்பாய் என்ற கையடக்கக் கேம் கருவியை நினைத்துக்கொள்கிறேன். அதில் பின்னொளியே கிடையாது. இருட்டில் உதவாது, வெயிலில் பளிச்சென்று தெரியும். அதன் பின்வந்த வாரிசான கேம்பாய் அட்வான்ஸுக்கு 2003-இல் வந்த போக்டாய் என்ற கேம் இன்னும் ஒரு படி மேல். கருவியில் செருகும் கேம் அட்டையான கார்ட்ரிட்ஜிலேயே சூரிய ஒளியை உணரும் சில்லு இருந்தது. நீங்கள் வெயிலில் போய் நின்றால்தான் ரத்தக் காட்டேரிகளைச் சுடும் துப்பாக்கிக்குச் சக்தி ஏறும். கடற்கரைக்கென்றே செய்த கேம் என்றால் அதுதான்.

சரி, மணலுக்கு வருவோம். அன்று மாலையே இடது ஜாய்ஸ்டிக் நறநறவென்றது. மறுநாள் நான் தொடாமலே என் வீரன் இடப்பக்கமாக நடந்துபோய்ப் பள்ளத்தில் விழுந்தான். ஊதிப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். மணல் உள்ளே போனது போனதுதான். குற்றம் முழுக்க என்னுடையது. சிலர் ஜிப் பைக்குள் போட்டு விளையாடச் சொல்வார்கள். வேண்டாம். ஸ்விட்ச், ஸ்டீம் டெக் என்ற இன்றைய கையடக்கக் கருவிகள் இரண்டிலும் விசிறி இருக்கிறது; பைக்குள் மூச்சுத் திணறும். இரண்டுக்குமே தயாரிப்பாளர்கள் சொல்லும் வெப்ப வரம்பு 35 டிகிரி செல்சியஸ்தான். உச்சிவெயிலில் மணல் அதைவிடச் சுடும். உப்பு ஈரமும் லேசுப்பட்டதல்ல: சார்ஜர் முனை ஈரமாக இருந்தால் செருகவே செருகாதீர்கள், உலோகம் அரித்துவிடும்.

ஆகவே, இந்த முறை கருவி அறையை விட்டு நகரவில்லை. கெட்டியான பெட்டி ஒன்று, பவர் பேங்க் ஒன்று, ஹெட்போன். விமானத்தில் வருகிறவர்கள் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பொதுவான வரம்பு 100 வாட்-மணி, அதாவது அதில் சேரும் மின்சக்தியின் அளவு. 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால், அது 20 ஆம்பியர்-மணி; பேட்டரியின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி. பயமில்லை.

கேம்களைக் கிளம்புவதற்கு முன்பே இறக்கிவிடுங்கள், விடுதி வைஃபையை நம்பாதீர்கள். இறக்கினால் மட்டும் போதாது, இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்து வந்தபின் உள்நுழையச் சொல்லி நிற்கும் கேம்களும் உண்டு.

எந்தக் கேம்? பாதியில் வைத்துவிட்டு எழக்கூடியது. ஆன்லைன் ஆட்டத்தை நான் கொண்டுவரவில்லை. “வா, தண்ணீருக்குப் போகலாம்” என்று கூப்பிடும்போது “இதோ, இந்த ஆட்டம் முடியட்டும்” என்று இருபது நிமிடம் இழுத்தால், வீட்டில் கேட்ட கேள்வி நியாயமாகிவிடும். முறை வைத்து ஆடும் கேம்கள்தான் வசதி. எதிரி எத்தனை மணி நேரமானாலும் காத்திருப்பான்.

வெயில் இறங்கிவிட்டது, கீழேயிருந்து கூப்பிடுகிறார்கள். கருவியைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன். இந்தக் கேமராவையும் இங்கேயே விட்டுவிட்டுப் போகிறேன்; இதற்குள்ளும் மணல் போனால் அடுத்த காணொளி வராது.