ஆல்டோனா: ஹாம்பர்க்கின் மேற்கு வாசலில் ஒரு தனி ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் என்றதும் துறைமுகமும் கப்பல்களும்தான் நினைவுக்கு வரும். அந்த நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஆல்டோனா என்று ஒரு பகுதி இருக்கிறது. ஹாம்பர்க்கை ஏழு வட்டாரங்களாகப் பிரித்து நிர்வாகம் செய்கிறார்கள். அதில் இது ஒன்று. பரப்பளவு சுமார் 78 சதுர கிலோமீட்டர். இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வசிக்கிறார்கள். ரயிலில் போகிறவர்கள் ஆல்டோனா நிலையத்தில் இறங்கி, இதுவும் ஹாம்பர்க்கில் ஒரு பேட்டை என்று நினைத்துக்கொண்டு கடந்துவிடுவார்கள். ஆனால் 1937 வரைக்கும் இது தனி நகரம். அதிலும் இருநூறு வருஷத்துக்கு மேல் டென்மார்க் அரசரின் நகரம். அந்த அரசரின் ஆட்சிப் பரப்பில் கோபன்ஹேகனுக்கு அடுத்த பெரிய ஊராக இருந்தது இதுதான்.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடலாம். எல்பே ஆறு இங்கே கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகிறது. வடகரைதான் ஆல்டோனா. பனியுகத்தில் பனிப்பாளங்கள் தள்ளிக்கொண்டு வந்து குவித்த மணலும் களிமண்ணும் கல்லும் சேர்ந்த மேட்டு நிலம் அது. கிழக்கே மீன் சந்தை இருக்கும் இடம் ஆற்றோடு ஒட்டிய தாழ்வான கரை. மேற்கே போகப் போகக் கரை உயர்ந்துகொண்டே போகும். பிளாங்கனேஸ் என்ற பகுதியில் ஸூல்பெர்க் குன்று ஏறக்குறைய 75 மீட்டர் உயரம். மலைநாட்டுக்காரர்களுக்கு இது ஒரு உயரமே இல்லை. தட்டையான வட ஜெர்மனியில் இது மலைதான். குன்றுச் சரிவு முழுக்கப் படிக்கட்டுகள், அந்தப் படிக்கட்டுகளின் இரு பக்கமும் பழைய மாலுமிகளின் வீடுகள். கார் போக முடியாத சந்துகள் இன்றும் அங்கே இருக்கின்றன.

1999-ல் ஆற்றை ஆழப்படுத்தும்போது 217 டன் எடையுள்ள ஒரு பாறை கிடைத்தது. அதைத் தூக்கி ஓவெல்கொன்னே என்ற, கடற்கரை மாதிரியான ஆற்றங்கரையில் வைத்திருக்கிறார்கள். சோதித்துப் பார்த்தால், அது ஸ்வீடனின் தென்பகுதியிலிருந்து பனிப்பாளம் இழுத்து வந்த கல். குழந்தைகள் அதன்மேல் ஏறி விளையாடுகிறார்கள்.

இன்னொரு விஷயத்தை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும். கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால். ஆனாலும் ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது, இந்த இடம் வரைக்கும் எட்டும். ஆற்றுத் தண்ணீர் ஒரு நாளில் இரண்டு முறை மூன்று மீட்டருக்கு மேல் உயர்ந்து இறங்கும். ஓதம் ஏறும்போது எல்பே பின்னோக்கி ஓடும்.

சரி, ஊர் எப்படி உருவானது?

1530-களில் ஹாம்பர்க் எல்லைக்கு வெளியே சில மீனவர்களும் கைவினைஞர்களும் குடியேறினார்கள். ஹாம்பர்க்கில் தொழில் செய்ய வேண்டுமானால் அந்தந்தத் தொழிலின் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். சாமி கும்பிட வேண்டுமானால் லூத்தரன் என்ற புராட்டஸ்டன்ட் முறைப்படிதான் வெளிப்படையாகக் கும்பிடலாம். இந்த இரண்டுக்கும் உட்படாதவர்களுக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் இடம் கிடைத்தது. இந்தப் பக்கத்தை ஆண்ட ஷவன்பர்க் பிரபுக்கள், 1600-க்குப் பிறகு கால்வினியர்கள், மெனோனைட்டுகள் என்ற வேறு புராட்டஸ்டன்ட் பிரிவினருக்கும் கத்தோலிக்கர்களுக்கும் யூதர்களுக்கும் அனுமதி தந்தார்கள். இதை முழுக்க தர்ம காரியம் என்று நான் சொல்லமாட்டேன். யூதர்களிடம் பாதுகாப்புப் பணம் வாங்கினார்கள். பக்கத்து நகரத்தின் வியாபாரத்தில் ஒரு பங்கை இழுக்க வேண்டும் என்ற கணக்கும் இருந்தது. ஆனாலும் வந்தவர்களுக்குக் கதவு திறந்தது. ஆல்டோனாவின் சின்னத்தில் கோட்டை வாயில் திறந்திருக்கும். ஹாம்பர்க் சின்னத்தில் அதே மாதிரிக் கோட்டை, வாயில் மூடியிருக்கும்.

கோனிக் தெருவில் உள்ள யூதர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் இது கண்ணுக்கே தெரியும். போர்த்துகலிலிருந்து தப்பி வந்த யூத வணிகர்கள் ஹாம்பர்க்கில் வாழ அனுமதி பெற்றிருந்தார்கள். இறந்தவர்களைப் புதைக்க அங்கே இடம் இல்லை. 1611-ல் ஆல்டோனாவில் நிலம் வாங்கினார்கள். வாழ்ந்தது ஒரு ஊரில், மண்ணுக்குள் போனது இன்னொரு ஊரில். போர்த்துகீசிய யூதர்களின் கல்வெட்டுப் பலகைகள் தரையோடு படுத்திருக்கும். விவிலியக் காட்சிகளைக்கூடச் செதுக்கியிருப்பார்கள். மத்திய ஐரோப்பிய யூதர்களின் கற்கள் எபிரேய எழுத்தோடு நிமிர்ந்து நிற்கும். 1869 வரைக்கும் அங்கே அடக்கம் நடந்தது. நாஜிகளின் காலத்தையும் குண்டுவீச்சையும் தாண்டி ஆயிரக்கணக்கான கற்கள் இன்னும் மிச்சம். ஹாம்பர்க் போகும் ஒவ்வொருவரும் துறைமுகப் படகு சவாரிக்கு முன்னால் இங்கே ஒரு மணி நேரம் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

1640-ல் ஷவன்பர்க் வம்சம் வாரிசில்லாமல் முடிந்தது. டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் ஆல்டோனாவைத் தன்வசமாக்கினார். இந்த அரசரை நம் நேயர்களுக்கு வேறு வழியில் தெரியும். இவர் அனுப்பிய கப்பல்கள்தான் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரோடு 1620-ல் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியைப் பெற்றன. டேனிஷ் கோட்டை இவர் காலத்தில் எழுந்தது. ஆக, 1640 முதல் 1845 வரைக்கும் தரங்கம்பாடியும் ஆல்டோனாவும் ஒரே முடியின் கீழ் இருந்தவை. 1706-ல் ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியதும் நான்காம் பிரெடெரிக் அரசரின் ஆதரவில். ஏழு வருஷம் கழித்து அதே அரசரின் ஆல்டோனா தீயில் எரிந்தது.

அந்தத் தீ தானாகப் பிடித்தது இல்லை. டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் போர். டேனிஷ் படை ஷ்டாடே நகரை எரித்ததற்குப் பழி வாங்க, 1713 ஜனவரியில் ஸ்வீடன் தளபதி ஸ்டென்பொக் ஆல்டோனாவைக் கொளுத்தச் சொன்னார். கடும் குளிரில் ஊரின் பெரும்பகுதி வீடுகள் சாம்பலாயின. அதற்கு முன்பே, 1664-ல், ஊருக்கு நகர உரிமையும் வரியில்லாத் துறைமுக உரிமையும் கிடைத்திருந்ததால் வியாபாரம் மறுபடி எழுந்தது. அடுத்த நூறு வருஷம் ஆல்டோனாவின் நல்ல காலம். 1738-ல் ‘கிறிஸ்டியானேயம்’ என்ற பள்ளி. பால்மாயே சாலையில் வெள்ளை மாளிகைகள். 1821-ல் ஷூமாகர் என்ற வானியலாளர் இங்கிருந்து ஒரு வானியல் இதழைத் தொடங்கினார். இன்றுவரை நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது.

1813-ம் வருஷக் கடைசியில் நடந்ததை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஹாம்பர்க்கை நெப்போலியனின் படை பிடித்து வைத்திருந்தது. முற்றுகை வரப்போகிறது, கையிருப்பு உணவு போதாது. பல மாதங்களுக்கு வேண்டிய தானியம் யாரிடம் இல்லையோ அவர்களை எல்லாம் தளபதி தாவூ உறைபனிக் காலத்தில் வாயிலுக்கு வெளியே தள்ளினார். முதியவர்கள், நோயாளிகள், அநாதைக் குழந்தைகள் என்று ஆயிரம் ஆயிரமாக வந்தார்கள். பலர் நேராக ஆல்டோனாவுக்குத்தான் வந்தார்கள். டேனிஷ் அதிகாரி ப்ளூக்கரும் ஊர்க்காரர்களும் அவர்களுக்குச் சோறும் கூரையும் கொடுத்தார்கள். ஆனாலும் குளிரிலும் காய்ச்சலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்து, பக்கத்து ஓட்டன்சனில் புதைக்கப்பட்டார்கள். பல தலைமுறைகளாகத் தன்னைப் போட்டியாளனாக, தொந்தரவாகப் பார்த்த நகரத்தின் ஏழைகளை ஆல்டோனா அன்று ஏற்றுக்கொண்டது. இந்த ஊரை நான் நேசிப்பதற்கு இந்த ஒரு குளிர்காலமே போதும்.

1844-ல் கீல் நகரத்துக்கு ரயில் வந்தது. அந்தப் பழைய ரயில் நிலையக் கட்டடத்தைத்தான் பிறகு மாற்றிக் கட்டி நகரமன்றம் ஆக்கினார்கள். 1864 போரில் டென்மார்க் தோற்றது. 1867-ல் ஊர் பிரஷ்யாவுக்குப் போனது. சுங்க எல்லைகள் மாறியதில் தொழிற்சாலைகள் ஓட்டன்சனுக்கு நகர்ந்தன. கண்ணாடி, சுருட்டு, இயந்திரம், கப்பலுக்கான உந்துவிசிறி எல்லாம் அங்கே செய்தார்கள். 1889-ல் ஓட்டன்சன் ஆல்டோனாவோடு சேர்ந்தது.

இப்போது ஓதத்துக்கு வருகிறேன். 1892 ஆகஸ்டில் ஹாம்பர்க்கில் காலரா. சுமார் பத்து வாரத்தில் 8,600 பேர் இறந்தார்கள். ஹாம்பர்க் தன் குடிநீரை நகரத்துக்கு மேலே எல்பேயிலிருந்து எடுத்து, வடிகட்டாமல் குழாயில் விட்டுக்கொண்டிருந்தது. ஓதம் ஏறும்போது நகரத்தின் சாக்கடை நீர் அந்த இடம் வரைக்கும் மேலேறிப் போனது. ஆல்டோனாவின் நிலைமை கணக்குப்படி இன்னும் மோசம். அது தண்ணீர் எடுத்தது ஹாம்பர்க்குக்குக் கீழே, இரண்டு நகரங்களின் கழிவும் கலந்த பிறகு. ஆனால் 1859 முதலே பிளாங்கனேஸ் பக்கத்து பவுர்ஸ்பெர்க் குன்றுக்குத் தண்ணீரை ஏற்றி, மணல் படுகைகளில் மெல்ல வடியவிட்டு, பிறகுதான் வீடுகளுக்கு அனுப்பினார்கள். காவிரி மணலில் ஊற்றுத் தோண்டித் தெளிந்த நீர் எடுப்போமே, வேலை அதுதான். மணலின் மேற்பரப்பில் படியும் மெல்லிய வழவழப்பான படலம் கிருமிகளைப் பிடித்துக்கொள்ளும்.

நோய் எல்லை வரை வந்து நின்றது. இரண்டு நகரங்களுக்கும் நடுவே சுவர் கிடையாது, ஒரே தெரு. தெருவின் ஒரு பக்கம் ஹாம்பர்க், மறுபக்கம் ஆல்டோனா. ஒரு பக்கத்து வீடுகளில் சாவு, எதிர்ப்பக்கத்தில் இல்லை. ஹாம்பர்க் எல்லைக்குள் இருந்தும் ஆல்டோனா குழாயில் தண்ணீர் பெற்ற ஒரு குடியிருப்பில் நோய் பரவவில்லை. இதை எல்லாம் கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோக் நேரில் ஆராய்ந்து எழுதினார். காலரா கெட்ட காற்றாலும் மண்ணாலும் வருகிறது என்று வாதாடியவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது. ஹாம்பர்க் மன்றத்தில் செல்வாக்கு வீட்டுச் சொந்தக்காரர்களின் கையில் இருந்தது. வடிகட்டும் நிலையத்தின் செலவைப் பற்றி வருஷக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். கட்டும் வேலை முடிந்தது 1893-ல். எத்தனை உயிர்கள் அந்தப் பேச்சுக்குப் பலியாயின என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இருபதாம் நூற்றாண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1932 ஜூலை 17, நாஜிகளின் எஸ்.ஏ. படை ஆல்டோனாவின் தொழிலாளர் தெருக்களில் ஊர்வலம் விட்டது. கைகலப்பு, துப்பாக்கிச் சூடு. 18 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் போலீஸ் குண்டில். மூன்றே நாளில், இதைச் சாக்காக வைத்து ஜெர்மனியின் மத்திய அரசு பிரஷ்யாவின் மக்களாட்சி அமைச்சரவையைக் கலைத்தது. அடுத்த வருஷம் ஹிட்லர் ஆட்சியில், இந்தச் சம்பவத்துக்காக நான்கு பேருக்கு மரண தண்டனை விதித்துத் தலையை வெட்டினார்கள். அந்தத் தீர்ப்புகள் ரத்தானது 1992-ல்தான். 1937-ல் ஒரு சட்டத்தின் மூலம் ஆல்டோனா ஹாம்பர்க்கோடு இணைக்கப்பட்டது. மக்களை யாரும் கேட்கவில்லை. 1943 ஜூலைக் குண்டுவீச்சில் பழைய ஊரின் பெரும்பகுதி அழிந்தது. இன்று அங்கே நடக்கும்போது 1950-களின் அடுக்குமாடிகளுக்கு நடுவே வெறும் புல்வெளி நீளும். அது ஒரு காலத்தில் நெருக்கமான தெருக்கள்.

அப்புறம் ஓட்டன்சனின் தொழிற்சாலைகள் மூடின. துருக்கியத் தொழிலாளர் குடும்பங்களும் மாணவர்களும் மலிவு வாடகைக்கு வந்தார்கள். உந்துவிசிறி வார்த்த ஸைசே ஆலை இன்று திரையரங்கும் உணவகங்களும் உள்ள இடம். இப்போது அங்கே வாடகை ஏறி, அந்தக் குடும்பங்களில் பலரால் இருக்க முடியவில்லை. பழைய சரக்கு ரயில் முற்றத்தில் புதுக் குடியிருப்பு எழுகிறது. தொலைதூர ரயில் நிலையத்தை வடக்கே டீப்ஸ்டைச்சுக்கு மாற்றும் திட்டத்தை எதிர்த்து ஊர்க்காரர்கள் வழக்கும் போராட்டமும் நடத்தினார்கள்.

2010-ல் செலவைக் குறைக்க ஆல்டோனா அருங்காட்சியகத்தை மூடப் போவதாக ஹாம்பர்க் அரசு அறிவித்தது. ஊர் கிளம்பியது. கையெழுத்து, ஊர்வலம் என்று விடாமல் போராடினார்கள். அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் அந்த அருங்காட்சியகம் இருக்கிறது. கப்பல்களின் முகப்புச் சிற்பங்களிலிருந்து பழைய விவசாய வீடுகளின் அறைகள் வரை உள்ளே வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

நன்றி. வணக்கம்.