எங்கட ஊர் மேடையும் எங்கட காதும்

எல்லாருக்கும் வணக்கம். மேடையில இருக்கிற பெரியாக்களுக்கும், பின்னால வயர் இழுத்துக்கொண்டு நிக்கிற தம்பிமாருக்கும் வணக்கம், அவங்க இல்லாட்டி இந்த மைக்கே வேலை செய்யாது. எனக்குப் பாடவும் வராது, வாசிக்கவும் வராது, கேக்கத்தான் தெரியும். கேக்கிற ஆக்கள் சார்பில ரெண்டு வார்த்தை கதையுங்கோ எண்டு கூப்பிட்டாங்க, அதுதான் வந்து நிக்கிறன்.

திருகோணமலையில ஒரு பாட்டுக் கச்சேரிக்குப் போறதெண்டா அது தெரிஞ்ச வீட்டுக்குப் போற மாதிரித்தான். ட்ரம்ஸ் அடிக்கிற பொடியன் காலையில மீன் மார்க்கெட்டில நிப்பான், கீபோர்ட் வாசிக்கிறவர் உங்கட பிள்ளைக்குக் கணக்குப் படிப்பிக்கிற சேர், பாடுற பிள்ளையின்ட அம்மம்மா உங்கட ஒழுங்கையிலதான் இருப்பா. அதால ராத்திரி சுதி கொஞ்சம் இறங்கினா விடிய பாண் வாங்கப் போற கடையிலயே சொல்லுவாங்க, "தம்பி, ரெண்டாவது சரணத்தில விட்டிட்டீர் என்ன?" எண்டு. வெளியூரிலயிருந்து பெரிய பாடகர் வந்தா நாங்க அவரை ஸ்கிரீன்லதான் பாக்கிறம், அவரிட்ட இப்பிடி ஒரு கதை சொல்லேலுமா?

இந்தப் பழக்கம் பேண்ட் வந்த பிறகு வந்தது இல்ல. கோயில் திருவிழாவில சாமி வீதி சுத்தி வரேக்க ஒரு மூலையில மேளக்காரர் நிண்டு சமா வைப்பினம், யாழ்ப்பாணத்து அளவெட்டி, இணுவில் பக்கமிருந்து வந்த வித்துவான்மாரா இருப்பினம், ரெண்டு தவிலும் ஆளுக்காள் எதிர நிண்டு வாசிக்கும், சனம் வட்டமா நிக்கும், சாமி காத்துக்கொண்டு நிப்பார், ஐயர் மணிக்கூட்டப் பாப்பார். அதுக்குள்ள ஒரு வயசு போனவர், சால்வைய இடுப்பில கட்டிக்கொண்டு, விரல மடிச்சு மடிச்சு தாளம் எண்ணிக்கொண்டு நிப்பார். தீர்மானம், அதுதான் தாளத்தை முடிக்கிற அடி, வைச்சு சரியா வந்து விழேக்க அவர் "ஆ!" எண்டு ஒரு தலையாட்டு ஆட்டுவார் பாருங்கோ, தவில்காரர் ஆயிரம் பேருக்குள்ள அந்தத் தலையைத்தான் தேடுவார், அது ஆடினாப் பிறகுதான் அடுத்தது இன்னும் கஷ்டமானதா வரும். அந்த மனுசனும் வாசிக்கிற கோஷ்டியில ஒரு ஆள்தான், சம்பளம் மட்டும் இல்ல.

எங்கட ஊர்ப் பாலையூற்றுப் பக்கம் போனா வேற கதை. போர்த்துக்கேயர் 1620களில கோணேசர் கோயில இடிச்சு அந்தக் கல்லாலயே கோட்டை கட்டினாங்க, அது எங்களுக்கு மறக்கேலாத விசயம். ஆனா அவங்கட வழியில வந்த பறங்கிச் சனத்தின்ட கல்யாணத்தில வயலினோட கஃப்ரிஞ்ஞா எண்ட ஆட்டப் பாட்டு போகேக்க கால் சும்மா இருக்குமா? அதே ஆறு-எட்டுத் தாள அடிதான் பைலாவா மாறி இண்டைக்கு எங்கட வீட்டுக் கல்யாணத்திலயும் மாமிமாரையே எழுப்பி ஆட வைக்குது. சரித்திரத்தின்ட பகிடி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

இப்ப இளம் ஆக்களுக்கு ஒண்டு சொல்லோணும். நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் எல்லாம் பொப் பாட்டால நாட்டையே கலக்கின 1970களில இந்த ஊர்ப் பொடியள் ரெண்டு பேர், பரமேஷும் கோணேஷும், அண்ணன் தம்பி, கிட்டாரத் தூக்கிக்கொண்டு தாங்களே மெட்டுப்போட்ட தமிழ்ப் பாட்டுகளப் பாடி இசைத்தட்டாவே கொண்டு வந்தாங்க. சினிமாப் பாட்டு இல்ல, கவனியுங்கோ, சொந்தப் பாட்டு. அப்ப அதைக் காசு குடுத்து வாங்கிக் கேட்ட சனம் இருந்தது.

இப்ப என்ன நடக்குது? எங்கட பொடியள் பதினைஞ்சு சினிமாப் பாட்டுக்கு நடுவில பயந்து பயந்து ஒரு சொந்தப் பாட்ட வைக்கிறாங்க, "அடுத்தது எங்கட சொந்தப் பாட்டு" எண்டு அறிவிச்ச உடன சனம் எழும்பி வடைக்கும் ரீக்கும் போகுது. நான் பாத்திருக்கிறன், பாடகர் வாய் திறக்க முதலே பாதிக் கதிரை காலி. இருக்கிற மிச்சப் பேரில ரெண்டு பேர் போனைத் தூக்கிப் பிடிச்சு வீடியோ எடுக்கிறாங்க, அதையும் பிறகு ஒருக்காலும் போட்டுப் பாக்கப் போறதில்ல. பிறகு நாங்களே சொல்லுறம், ஊரில புதுசா ஒண்டும் வரேல்ல எண்டு.

காசு விசயமும் கதைக்கத்தான் வேணும், கோவிக்காதீங்கோ. "எங்கட பொடியள்தானே, சும்மா வந்து ரெண்டு பாட்டு அடிச்சிட்டுப் போங்கோ, சாப்பாடு தாறம்" எண்டு கூப்பிடுறம். பந்தல்காரருக்கு முழுக் காசு, வீடியோக்காரருக்கு அட்வான்ஸ், பாடுறவனுக்கு புரியாணி. உப்புவெளி, நிலாவெளி ஹோட்டலுகளில சீசனுக்கு வாசிச்சா கொஞ்சம் கையில பாக்கலாம், மாரி தொடங்கி கடல் குமுறினா அதுவும் இல்ல. இந்தக் கடல் காத்துக்கு கிட்டார் கம்பி எவ்வளவு கெதியா கறள் பிடிக்குதெண்டு வாசிக்கிற ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ. ஒவ்வொரு நாளும் வாசிச்சு முடிய துணியால துடைச்சு வைச்சாலும் விரல் வைக்கிற இடம் கறுத்துப் போகும், புதுக் கம்பி ஒரு செட் வாங்கோணும், ஸ்பீக்கர் பொக்ஸ் வாடகை, ஓட்டோக் காசு, எல்லாம் அவன்ட பொக்கெற்றில இருந்துதான் போகுது.

சரி, பின்னால தம்பி கையைக் காட்டுறார், ட்யூனிங் முடிஞ்சுதாம். முன் வரிசை விஐபிக்கு எண்டு கட்டின றிபனை நான் இப்ப அவிழ்த்து விடப்போறன், அவங்க இனி வரமாட்டாங்க, பின்னால நிக்கிற பிள்ளையள் முன்னுக்கு வந்து இருங்கோ. ரெண்டாவதா வாறது எங்கட பொடியளின்ட சொந்தப் பாட்டு, ரீக்கடைக்காரத் தம்பி, அது முடியிற வரைக்கும் கேத்திலை இறக்கி வையும்.