நான்கு பதிவேடுகளில் ஒரு நோயாளி

அவையோருக்கு வணக்கம்.

ஐரோப்பாவின் குடும்ப டாக்டர் முறையைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். "அங்கே எல்லாம் ஒழுங்கு" என்பார்கள். இல்லாவிட்டால் "அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்குள் நோயே போய்விடும்" என்பார்கள். சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா எல்லாம் அப்படிப் போகிற நோய்கள் அல்ல. வந்தால் ஆயுசுக்கும் கூடவே இருப்பவை. அவற்றை அந்த ஒழுங்குக்குள் கொண்டுவர என்ன செய்தார்கள், அது எங்கே பலித்தது, எங்கே இடறியது என்பதுதான் இன்றைய பேச்சு.

பிரிட்டனில் 2004 ஏப்ரலில் குடும்ப டாக்டர்களுக்குப் புதிய ஒப்பந்தம் வந்தது. அதன் ஒரு பகுதி 'க்யூஓஎஃப்'. தரத்துக்குப் புள்ளி, புள்ளிக்குப் பணம். 146 அளவுகோல்கள், மொத்தம் 1,050 புள்ளிகள். சராசரி அளவுள்ள கிளினிக்குக்கு முதலாண்டில் ஒரு புள்ளி 75 பவுண்ட்.

முதல் வேலை பதிவேடு. சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, இதய நோய்க்கு ஒன்று என்று நோய்வாரியாகப் பெயர்ப் பட்டியல். இந்தத் திட்டத்தின் உண்மையான சாதனை அதுதான் என்பேன். யாருக்குச் சர்க்கரை, அவர்களில் யார் ஒரு வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை என்று தெரிந்தால்தானே வராதவருக்குக் கடிதம் போட முடியும்? வேல்ஸில் கிளின்கோரக் என்ற சுரங்கக் கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் 1960களின் இறுதியிலேயே, நோய் என்று வந்தவர் வராதவர் பார்க்காமல், ஊர்ப் பெரியவர்கள் எல்லோருக்கும் பிரஷர் பார்த்துக் குறித்து வைத்தார். தனி மனிதர் பிடிவாதமாகச் செய்ததை க்யூஓஎஃப் நாடு முழுக்க வழக்கமாக்கியது.

இனி அந்த முதலாண்டின் பணக் கணக்கு. பிரஷர் நோயாளிகளுக்கு 150/90க்குள் இருக்க வேண்டும் என்ற ஓர் அளவுகோலுக்கு மட்டும் 56 புள்ளிகள், அதாவது 4,200 பவுண்ட். பதிவேட்டில் 25 சதவீதம் பேர் அந்த அளவுக்குள் வந்தால் பணம் தொடங்கியது, 70 சதவீதத்தில் முழுத் தொகையும் வந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு பென்னி கிடைக்கவில்லை. மீதி 30 சதவீதம் பேர் யார்? மாத்திரையைப் பாதியில் நிறுத்துபவர், இரவு ஷிஃப்ட் போகிறவர், மூன்று மருந்து கொடுத்தும் இறங்காதவர். அதிகம் உழைக்க வேண்டியவர்கள் கணக்குக்கு வெளியே நின்றார்கள்.

இன்னொன்றும் நடந்தது. பதிவான அளவுகளை ஆராய்ந்தவர்கள், 150க்குச் சற்றுக் கீழே எண்கள் குவிந்து கிடப்பதைக் கண்டார்கள். 152 வந்தால் "கொஞ்சம் உட்காருங்கள், மறுபடி பார்க்கலாம்" என்பார்கள். 148 வந்தால் மறுபடி பார்க்க மாட்டார்கள். பொய்க் கணக்கு எழுதியதாக இதைச் சொல்ல முடியாது. இலக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கை தானாகச் சாய்கிறது.

முடிவுகள் கலவையானவை. ஆஸ்துமாவிலும் சர்க்கரையிலும் முதல் ஓரிரு வருஷம் தரம் வேகமாக ஏறி, பிறகு வேகம் குறைந்தது. பணம் வைக்காத அம்சங்கள் சிலவற்றில் சரிவு தெரிந்தது. ஒரே டாக்டரைத் தொடர்ந்து பார்ப்பதும் குறைந்தது. 2014இல் சில அளவுகோல்களுக்குப் பணம் நிறுத்தப்பட்டதும் அவற்றின் பதிவு உடனே விழுந்தது. புகை, உணவு பற்றி அறிவுரை சொன்னதாகப் போடும் டிக்குகள்தான் அதிகம் விழுந்தன. லேபில் ரத்தம் கொடுத்தால்தான் வரும் எண்கள் அவ்வளவு விழவில்லை. அந்த டிக்குகளில் எத்தனை உண்மையில் சொன்ன அறிவுரை என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்து 2016இல் க்யூஓஎஃப்பையே கைவிட்டது.

ஜெர்மனி வேறு வழியில் போனது. 2002இல் சட்டம் வந்து, 'டிஎம்பி' என்ற நோய்வாரித் திட்டங்கள் தொடங்கின. நோயாளி விருப்பப்பட்டுக் கையெழுத்திட்டுச் சேர வேண்டும். ஒருங்கிணைக்கும் டாக்டர் பெரும்பாலும் குடும்ப டாக்டர். மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, படிவம், குழுவாக உட்காரவைத்து வகுப்பு. தொடர்ந்து படிவம் வராவிட்டால் பெயர் நீக்கப்படும். திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொரு நோயாளிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பொது நிதியிலிருந்து கூடுதல் தொகை கிடைத்தது. அதனால் நிறுவனங்கள் ஆள் சேர்ப்பதில் முட்டி மோதின. 2009இல் அந்தக் கணக்கு முறை மாறியது.

சர்க்கரைத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் இறப்பு 2.3 சதவீதம், சேராதவர்களில் 4.7 என்று 2010இல் ஓர் ஆய்வு வந்தது. கேட்டதும் கைதட்டத் தோன்றும். பொறுங்கள். சீட்டுக் குலுக்கிப் பிரித்த குழுக்கள் அல்ல அவை. தானாக வந்து கையெழுத்துப் போட்டு வகுப்புக்கும் போகிறவர் ஏற்கெனவே உடம்பைப் பார்த்துக்கொள்கிறவராக இருக்கலாம். வயது, பாலினம், மற்ற நோய்கள் பார்த்து ஜோடி சேர்த்தாலும் இந்தச் சந்தேகம் முழுதாகப் போகாது.

நெதர்லாந்தில் 2010 முதல் சர்க்கரைக்கு ஒரு நோயாளிக்கு ஒரு வருஷத்துக்கு ஒரே மொத்தத் தொகை. குடும்ப டாக்டர்கள் சேர்ந்த குழு அதை வாங்கி, நர்ஸ், உணவு ஆலோசகர், பாதம் பார்ப்பவர், விழித்திரைப் படம் எடுப்பவர் என்று பிரித்துக் கொடுக்கும். மருந்துச் செலவு அதில் சேராது.

எல்லா நாட்டுப் படிவத்திலும் வரும் ஒரு கட்டம் 'பாதம் பார்க்கப்பட்டது'. இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். நோயாளி ஷூ, சாக்ஸ் இரண்டையும் கழற்ற வேண்டும். நரம்பு சோதிக்க 10 கிராம் நைலான் இழை. முதலில் அதைக் கையில் தொட்டுக்காட்டி உணர்ச்சி எப்படி இருக்கும் என்று தெரியவைக்க வேண்டும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, இழை வளையும் வரை ஓரிரு நொடி அழுத்த வேண்டும். காய்ப்புத் தோலின் மேல் அழுத்தினால் நல்ல நரம்பும் கெட்டதாகத் தெரியும். ஒரே தாளத்தில் குத்திக்கொண்டு போனால், உணர்ச்சியே இல்லாதவரும் தாளத்துக்கு "ஆமாம்" சொல்வார். ஒரே இழையை நாள் முழுக்கப் பயன்படுத்தினால் அது தளர்ந்து 10 கிராம் விசை தராது. இத்தனையும் செய்தவருக்கும் ஒரு டிக்தான். சாக்ஸோடு பார்த்தவருக்கும் அதே டிக்தான்.

சரி, டிக்கெல்லாம் நேர்மையாகவே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் 314 கிளினிக்குகளின் சுமார் 17.5 லட்சம் பேர் பதிவை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். 23.2 சதவீதம் பேருக்கு இரண்டு அல்லது அதற்கு மேல் நாள்பட்ட நோய்கள். மிக ஏழ்மையான பகுதிகளில் இந்த நிலை 10, 15 வருஷம் முன்னாடியே வந்துவிடுகிறது. ஒரே அம்மா சர்க்கரைப் பதிவேட்டிலும் இருப்பார், பிரஷரிலும் இருப்பார், சிறுநீரகத்திலும் மனச்சோர்விலும் இருப்பார். நான்கு கடிதம், நான்கு நாள், நான்கு நர்ஸ், நான்கு முறை எடை.

மருந்தும் அப்படித்தான் கூடுகிறது. ஒவ்வொரு நோய்க்கான வழிகாட்டியும் அந்த ஒரு நோய் மட்டுமே இருப்பதுபோல எழுதப்பட்டது. பிரிட்டிஷ் வழிகாட்டிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்த 2015 ஆய்வில், சர்க்கரை வழிகாட்டி சொல்லும் மருந்துகளுக்கும் வேறு 11 நோய்களின் மருந்துகளுக்கும் இடையே 133 கடுமையாகக்கூடிய மோதல்கள் கிடைத்தன.

இதற்கு மாற்று வழியையும் சோதித்தார்கள். '3டி' என்ற ஆய்வில் மூன்று அல்லது அதற்கு மேல் நோயுள்ள 1,546 பேர். நோய்வாரி வருகைகளை நிறுத்தி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நர்ஸும் டாக்டரும் ஆளை முழுதாகப் பார்ப்பது, மருந்தாளுநர் மருந்துப் பட்டியலைப் பார்ப்பது திட்டம். முதல் கேள்வியே "உங்களுக்கு எது பெரிய தொந்தரவு?" 2018இல் முடிவு வந்தது. வாழ்க்கைத் தரத்தில் வித்தியாசம் இல்லை. நோயாளிகளின் திருப்தி மட்டும் கூடியது. இதைத் தோல்வி என்று மூடிவைக்க எனக்கு மனமில்லை. திட்டமிட்ட இரண்டு முழுப் பரிசோதனையும் கிடைத்தவர்கள் பாதிப் பேர்தான். ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் கிளினிக்கில் நீண்ட அப்பாயின்ட்மென்ட் முதலில் காணாமல் போகும்.

இலக்குகளிலும் தளர்வு வந்தது. 2019 முதல் இங்கிலாந்தில் தள்ளாமை உள்ளவருக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை 75 வரை இருக்கலாம், மற்றவர்களுக்கு 58. லண்டன் உறவினர் இப்படி எண் சொன்னால் பயந்துவிடாதீர்கள். அங்கே அலகு வேறு. நம் கணக்கில் 58 என்பது 7.5 சதவீதம், 75 என்பது 9. எண்பது வயதில் 7க்குக் கீழே இறக்கப்போய், ராத்திரி சர்க்கரை தாழ்ந்து பாத்ரூமில் விழுந்து இடுப்பு உடைவதை எந்தப் பதிவேடும் தன் கணக்கில் எழுதுவதில்லை.

கடைசியாக நார்வே. 2001இலிருந்து அங்கே ஒவ்வொருவர் பேரிலும் ஒரு டாக்டர் பதிவு. சுமார் 45 லட்சம் பேரை வைத்துப் பார்த்தபோது, ஒரே டாக்டரிடம் 15 வருஷத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஒரு வருஷம் மட்டும் இருந்தவர்களைவிட அவசரமாக ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு 28 சதவீதம் குறைவு, இறக்கும் வாய்ப்பு 25 சதவீதம் குறைவு. இதுவும் குலுக்கிப் பிரித்த சோதனை இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் வருஷம் கூடக் கூட வித்தியாசமும் படிப்படியாகக் கூடியது.

ஒரே டாக்டரைத் தொடர்ந்து பார்ப்பதை அளக்க புள்ளிகளும் வேண்டாம், 146 அளவுகோல்களும் வேண்டாம். நோயாளியின் கடைசிப் பத்து வருகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகம் பார்த்த டாக்டரிடம் எத்தனை? ஏழு என்றால் 0.7. இந்த எண் பெரும்பாலும் இறங்குவது ரிசப்ஷன் மேஜையில். "இன்றைக்கு யாரிடம் ஸ்லாட் இருக்கிறது" என்று மட்டும் கணினி காட்டும். "இவரை வழக்கமாக யார் பார்க்கிறார்" என்பதையும் அதே திரையில் காட்டினால், போன் எடுப்பவர் நோயாளியிடம் கேட்பார்: "டாக்டர் வியாழக்கிழமை இருக்கிறார், அதுவரை பொறுக்க முடியுமா?"