சாட்டாவிலும் டார்வினிலும் தெரிந்த இரவு அலை

[காட்சி: இரவு வானின் படம், வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்த கரும்பட்டைகள் மெல்ல நகர்கின்றன]

ஜப்பானின் கியூஷு தீவின் தென்முனையிலுள்ள சாட்டாவில், 2002 ஆகஸ்டில் ஓர் இரவு, வானம் முழுவதையும் பார்க்கும் கேமரா பதிவு செய்த காட்சியை அடியொற்றி வரையப்பட்டது இது. பட்டைகளின் பின்னணியிலுள்ள, நம் கண்ணுக்குப் புலப்படாத அளவு மங்கிய சிவப்பொளி, ஏறத்தாழ 250 கிலோமீட்டர் உயரத்திலுள்ள ஆக்சிஜன் அணுக்கள் 630 நானோமீட்டர் அலைநீளத்தில் உமிழ்வது. பட்டைகள் தென்மேற்கு நோக்கிச் செல்கின்றன.

காற்றில் எழும் அலையே அயனி மண்டலத்தையும் (மின்னூட்டத் துகள்கள் உள்ள மேல் வளிமண்டலப் பகுதியையும்) அசைக்கிறது என்று சொல்லி இதை முடித்துவிடலாம். பகலில் தோன்றும் அலைகளுக்குப் பெரும்பாலும் அந்த விளக்கம் போதும். ஆனால் அதே இரவில் ஆஸ்திரேலியாவின் டார்வினில் இருந்த கேமராவிலும் இதே பட்டைகள், கண்ணாடிப் பிம்பம்போல் இடம் மாறி, வடமேற்கு நோக்கி நகர்ந்தன.

[காட்சி: இரு ஊர்களுக்கும் மேலே வளைந்து செல்லும் காந்தப்புலக் கோடு]

இவ்விரு ஊர்களின் வானமும் ஒரே காந்தப்புலக் கோடுகளால் இணைந்தது. (காந்த நடுக்கோடு இங்கே பூமத்திய ரேகைக்கு வடக்கே செல்வதால்தான், 31 பாகை வடக்கிலுள்ள சாட்டாவுக்கு 12 பாகை தெற்கிலுள்ள டார்வின் இணையாகிறது.) காற்றலை இப்படி எதிர்முனையில் தன் பிம்பத்தை உண்டாக்க முடியாது, புலக்கோடுகளின் வழியே ஏறக்குறைய குறையாமல் மறுமுனையை எட்டக்கூடியது மின்புலம்தான்.

அந்த மின்புலம் எங்கிருந்து வருகிறது? இரவுக் காற்று காந்தப்புலத்துக்குக் குறுக்கே பிளாஸ்மாவை, அதாவது அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த வாயுவை, தள்ளும்போது மின்னோட்டம் பிறக்கிறது; மின்கடத்துதிறன் பட்டைக்குப் பட்டை வேறுபடுவதால் அந்த ஓட்டம் தடைப்பட்டு, பட்டைகளின் ஓரங்களில் மின்னூட்டம் தேங்குகிறது. தேங்கிய மின்னூட்டத்தின் புலம் கிழக்கு நோக்கி அமையுமிடத்தில் பிளாஸ்மா மேலெழும். மேலே காற்று மெலிந்திருப்பதால் ஒளியும் மங்கும். மேற்கு நோக்கி அமையுமிடத்தில் அது இறங்கி ஒளிரும். மீட்டருக்கு ஒரு மில்லிவோல்ட் புலமே வினாடிக்கு சுமார் 25 மீட்டர் வேகம் தரப் போதுமானது.

[காட்சி: ஷிகா மாகாணத்திலுள்ள ஷிகராகியின் எம்யு ரேடார்]

கியோட்டோ பல்கலைக்கழகத்தின் இந்த ரேடார் 46.5 மெகாஹெர்ட்ஸில் இயங்குவதால், சுமார் 3.2 மீட்டர் அளவுள்ள சீர்குலைவுகளிலிருந்தே எதிரொலி பெறுகிறது. நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான அலைநீளமுள்ள பட்டைகளுக்குள் இத்தனை நுண்ணிய கலக்கம் இருப்பதுதான், என் பார்வையில், இந்நிகழ்வின் மிக வியப்பான பகுதி.

பட்டைகள் ஒரு நிலையின்மையால், அதாவது சிறு அலைவு தானே பெருகுவதால், வளரும் விதத்தை 1973இல் இயற்பியலாளர் பெர்கின்ஸ் கோட்பாடாக வகுத்தார். ஆனால் அந்த நிலையின்மை தனியே மிக மெதுவாகவே வளரும். ஆகவே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் திடீரெனத் தோன்றும் அடர்ந்த அயனி அடுக்குகளும் (‘ஈ’ (E) அடுக்குகள்), புலக்கோடுகளின் வழியே பட்டைகள் உள்ள மேலடுக்குடன் இணைந்து, அதற்கு வேகம் கூட்டுவதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஜப்பானில் அத்தகைய அடுக்குகள் கோடையில்தான் மிகுதி. இந்த இரவு அலைகளும் அப்போதுதான் அடிக்கடி தோன்றுகின்றன.