மூன்று நாள் விருந்தும் ஓராண்டுத் தொண்டும்

மேடையில் வீற்றிருக்கும் பேரன்புக்குரிய ஆயர் அவர்களே, நம் சபையின் மாநிலத் தலைவர் அருள்தந்தை அவர்களே, முதிர்ந்த வயதிலும் நெடுந்தொலைவு பயணம் செய்து வந்திருக்கும் சகோதரிகள் சபையின் முன்னாள் தலைவி அவர்களே, இல்லத் தலைவர்களே, பொருளாளர்களே, தன்னார்வலர்களாகப் போய்வந்த இளைஞர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எத்தனையோ அலுவல்களுக்கு நடுவில் ஆயர் அவர்கள் கடைசிவரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

மூன்று விஷயங்கள் பேச வந்தேன். அனுப்புமுன் பயிற்சி, தங்கும் இடத்தில் பாதுகாப்பு, திரும்பி வந்தபின் துணை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாடு விட்டு நாடு வரும் தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கும் எனக்கு இந்தப் பழமொழி நினைவுக்கு வராத நாளே இல்லை. இரண்டு வாரத்துக்கு வருபவர் விருந்தாளியாக வந்து விருந்தாளியாகவே திரும்புகிறார். அவரைக் கவனிப்பதிலேயே இல்லத்தார் களைத்துப்போகிறார்கள்.

சலேசிய சபையைத் தொடங்கிய அருள்தந்தை தொன் போஸ்கோ தம் முதல் மறைபரப்புக் குழுவை அர்ஜென்டினாவுக்கு வழியனுப்பியது 1875 நவம்பர் 11 அன்று. அவராக ஆள் அனுப்பிவிடவில்லை. புவனோஸ் ஐரெஸ் பேராயரிடமிருந்து அழைப்பு வந்தது. போகிறவர்கள் கப்பல் ஏறுமுன் ஸ்பானிய மொழி படித்தார்கள். தொன் போஸ்கோ 20 அறிவுரைகளை எழுதி அவர்கள் கையில் கொடுத்தார். அழைப்பு, மொழி, வழிகாட்டுதல் என்ற இந்த வரிசையை இன்று சபையின் எத்தனை மாநிலங்கள் கடைப்பிடிக்கின்றன?

ஓர் இல்லத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கிருந்த சகோதரி சொன்னது. ஆங்கிலம் சொல்லித்தர ஓர் ஆசிரியை வருகிறார் என்று கடிதம் வந்திருக்கிறது. சகோதரிகள் தங்கள் கன்னியர் மடத்திலேயே ஓர் அறையைக் கழுவித் துடைத்து, புதுத் திரை கட்டி, மாதா படமும் மாட்டி வைத்தார்கள். வாசலில் வண்டி வந்து நின்றது. இறங்கியது ஆறடி உயரத்தில், தாடியோடு ஓர் இளைஞர்! படித்தது விவசாயப் பொறியியல். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயர். தாள் மூன்று அலுவலகங்கள் சுற்றி வந்தது. அனுப்பியவரும் ஏற்றவரும் ஒருமுறைகூடப் பேசிக்கொள்ளவில்லை. அன்றிரவு அவருக்குச் சாமான் அறைதான் கிடைத்தது. சகோதரிகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சரி, திருப்பி அனுப்பியிருக்கலாம். அவர் ஓராண்டு விசாவில் வந்திருந்ததால் இருந்தார். பிள்ளைகள் கேலி செய்து திருத்தித் திருத்தியே அவருக்கு மொழி வந்தது. ஐந்தாம் மாதம் ஒரு பையன் அவரிடம் வந்து, கரும்பலகை தெரியவில்லை என்றான். சோம்பேறி என்று எல்லாரும் திட்டிய பையன்! கண்ணாடி கேட்டால் செலவாகுமே என்று யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறான். மூன்றாவது வாரமே அவர் கிளம்பியிருந்தால் இதை யாரிடம் சொல்லியிருப்பான்? விருந்தும் மருந்தும் மூன்று நாள். விருந்தாளியிடம் எந்தப் பிள்ளையும் இப்படி வாய் திறப்பதில்லை.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. வேறொரு மக்களிடம் போகிறவர் அவர்களுடைய மரபையும் மொழியையும் பழக்கவழக்கங்களையும் மதிக்க வேண்டும் என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் மறைபரப்புப் பணி பற்றிய ஏட்டில் சொல்லிவிட்டது. இரண்டு வாரத்தில் அந்த மொழியில் நாலு வார்த்தை வருமா?

அடுத்து பாதுகாப்பு. முறைகேடு பற்றித் தெரிந்தால் புகார் செய்வதைக் குருக்களுக்கும் துறவிகளுக்கும் கடமையாக்கி 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஆணை வெளியிட்டார். தன்னார்வலரிடமும் காவல்துறைச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்று, நேர்காணல் எல்லாம் கேட்கத்தான் வேண்டும். குறுகிய காலத்துக்கு வருகிறவர் விஷயத்தில் அந்தத் தாள்கள் வந்து சேருமுன் அவரே ஊர் திரும்பிவிடுகிறார்! இதிலும் பிரச்சினை கால அளவுதான். திரும்பி வந்தவர்களுக்கான துணையைப் பற்றி மாலை அமர்வில் இளைஞர்களே பேசட்டும்.

மாநிலத் தலைவர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆறு மாதத்துக்குக் குறைவாக யாரையும் அனுப்பவோ ஏற்கவோ கூடாது. ஏற்கும் இல்லம் கையெழுத்திட்டுக் கேட்காமல் ஆள் போகக்கூடாது. இந்த இரண்டு வரிகளை நம் சபையின் அடுத்த மாநிலப் பேரவையின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள். வரைவு என் பையில் இருக்கிறது; இறங்கியதும் உங்கள் கையில் தருகிறேன்.