கூரைக்குள் பெய்த மழை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

மூடிக் கிடக்கும் பழைய ஆலைகளை அருங்காட்சியகமாகவும் மக்கள் கூடமாகவும் மாற்ற வேண்டும் என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "காயலான் கடைக்கு டிக்கெட் போடச் சொல்கிறார்கள்." நீங்களும் கைதட்டினீர்கள்.

சரி, ஒரு காயலான் கடைக்குள் போவோம். பிரேசில் நாடு, சாவோ பாவ்லோ நகரம். இரும்புப் பீப்பாய் டிரம் செய்த பழைய தொழிற்சாலை. ஒரு சமூக நல அமைப்பு அதை வாங்கி, மாற்றியமைக்க லீனா போ பார்தி என்ற கட்டடக் கலைஞரைக் கூப்பிடுகிறது. 1976-ல் முதல்முறை போகிறார். யாருமில்லை. கான்கிரீட் தூண்களைப் பார்த்து அசந்துபோய்த் திரும்புகிறார்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை போகிறார். பார்த்தால், உள்ளே ஊரே இருக்கிறது! பிள்ளைகள் ஓடுகிறார்கள். அம்மாக்கள் இறைச்சி சுட அடுப்பு மூட்டுகிறார்கள். ஒரு மூலையில் பொம்மலாட்டம். உடைந்த கூரை வழியாக மழை கொட்டுகிறது. மழை, நடுவர் அவர்களே, கூரைக்குள்ளே மழை! அந்தத் தண்ணீரில் பையன்கள் பந்தை உதைத்து உதைத்துச் சிரிக்கிறார்கள். எந்த மேஸ்திரியும் "ஓட்டை, இடி" என்பார். லீனா அம்மா சொன்னார், இந்த மகிழ்ச்சி அப்படியே தொடர வேண்டும் என்று.

சுவர்ப் பூச்சை உரித்தார், செங்கல்லை வெளியே காட்டினார். கூடத்துத் தரையிலேயே ஆறு போல வளைந்த ஒரு நீர்ப்பரப்பு வைத்தார். 1982-ல் திறந்தார்கள். நூலகம், நாடக அரங்கு, கைவினைப் பட்டறை, எல்லாம் அந்தப் பழைய கொட்டகைகளுக்குள்ளேயே! மழையில் பந்து உதைத்த பையன்களைத் துரத்தாமலே ஒரு கட்டடத்தைக் காப்பாற்றினார் ஐயா அவர்!

டிக்கெட் என்றாரே? லண்டன் பேங்க்சைட் மின்நிலையம் 1981-ல் மூடியது. 2000-ல் டேட் மாடர்ன் அருங்காட்சியகமாகத் திறந்தது. அதன் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்க டிக்கெட்டே கிடையாது. சிறப்புக் கண்காட்சிக்குத்தான் கட்டணம். டர்பைன் நின்ற கூடத்தில் இன்று குழந்தைகள் தரையில் உருள்கிறார்கள்.

செலவுக் கணக்கை என் அணித் தோழர் சொல்லிவிட்டார். எனக்கு மனசைப் பிசைவது வேறு. ஜெர்மனியின் எஸ்ஸனில் சோல்ஃபெராயின் நிலக்கரிச் சுரங்கம் 1986-ல் மூடியது. 2001-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்கே சுற்றிக்காட்டுகிறவர்களில் பழைய சுரங்கத் தொழிலாளர்களும் உண்டு. வேலை போன மனிதர், தான் கரி சுமந்த இடத்தில் தலைநிமிர்ந்து நின்று பேசுகிறார்!

ஒரு தலைமுறை வியர்வை சிந்திய இடத்தைத் தரைமட்டமாக்கிவிட்டால், "என் தாத்தா இங்கேதான் வேலை பார்த்தார்" என்று ஒரு பேத்தி எதைத் தொட்டுக் காட்டுவாள்? அவளுக்கு ஒரு சுவரையாவது விட்டுவையுங்கள் ஐயா. நன்றி, வணக்கம்.